எரிமலைச் சாம்பல் உரம்தானே? பக்கத்து ஊருக்கு லாபம்தானே?

5 டிசம்பர் 2023, மாலை 6.20 (கேள்வி)

சுமத்ராவில் மராப்பி எரிமலை ஞாயிற்றுக்கிழமை வெடித்து, மலையேறப் போனவர்கள் இறந்திருக்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். எரிமலை இருக்கிற ஊரில் மண் வளமாக இருக்கும், ஜாவாவில் அவ்வளவு ஜனம் நெருக்கிக்கொண்டு வாழ அதுவும் ஒரு காரணம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அப்படியானால் நீண்ட காலக் கணக்கில் வெடிப்பு என்பது பக்கத்து ஊர்க்காரனுக்கு லாபம்தானே? சாம்பல் இயற்கை உரம். எப்போதாவது ஒரு நாள் ஓட வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள் அண்ணே.

5 டிசம்பர் 2023, இரவு 10.15

நான் இருந்திருக்கிறேன். மராப்பி பக்கம் இல்லை, அதே தீவின் வடக்கே சினாபுங் எரிமலைப் பக்கம். 2012 முதல் 2017 வரை மெடானில் ஒரு பாமாயில் ஆலையில் கணக்குப் பிரிவில் வேலை. அங்கிருந்து பெரஸ்தாகி அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர். சனிக்கிழமை லாரி நெரிசலில் மாட்டினால் மூன்று மணி நேரம். நம் ஊரில் கொடைக்கானல் போகிற மாதிரி அங்கே போவோம். வழியில் பெனாத்தாபானில் சுட்ட சோளம், மேலே ஏறினால் ஆரஞ்சு, மார்க்கிசா பழம், பல் கிட்டும் குளிர். ஊரில் நின்று பார்த்தால் இரண்டு எரிமலை தெரியும். சிபாயாக் கிட்டத்தில், சினாபுங் கொஞ்சம் தள்ளி, 2,460 மீட்டர் உயரம்.

தம்பி, உங்கள் கேள்வியில் எனக்கு இடிப்பது "ஒரு நாள் ஓட வேண்டும், அவ்வளவுதான்" என்கிற இடம். சினாபுங் 2010 ஆகஸ்ட் கடைசியில் எழுந்தது. அதற்கு முன்பு 1600க்குப் பிறகு அது வெடித்ததாக உறுதியான பதிவே கிடையாது. அதனால் தொடர்ந்து கண்காணிக்கும் பட்டியலிலும் அதைச் சேர்க்கவில்லை. சில வாரத்தில் அடங்கியது, ஜனம் திரும்பிப் போய் நாற்று நட்டது. 2013 செப்டம்பர் 15 அன்று மறுபடி. அப்புறம் 14, 15, 16, 17, 18 என்று நிற்கவே இல்லை. கொஞ்சம் ஓய்ந்து 2020இல், 2021இல் மறுபடி புகை. இதில் எந்த நாளை அந்த ஒரு நாளாக எடுத்துக்கொள்வது?

5 டிசம்பர் 2023, இரவு 11.05

தூக்கம் வரவில்லை, உரம் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

குழப்பமே நம் சொல்லில் இருக்கிறது. சாம்பல் என்றதும் நமக்கு அடுப்புச் சாம்பல், பாத்திரம் துலக்கியது, முருங்கைக்குத் தூவியது, நெற்றியில் பூசியது என்று நல்லதாகவே ஞாபகம் வருகிறது. மலையில் இருந்து வருவது எதுவும் எரிந்து மிஞ்சியது இல்லை. அது பாறைப் பொடி. கண்ணாடித் தூள் என்றே சொல்லலாம். 2014 ஜனவரியில் பெரஸ்தாகி போன அன்று காரின் முன் கண்ணாடியில் மாவு தெளித்த மாதிரி படிந்திருந்தது. நான் பெரிய அறிவாளி, வைப்பரைப் போட்டேன். கர்ரென்று ஒரு சத்தம், கண்ணாடியில் இரண்டு பிறை விழுந்துவிட்டது. காரை விற்கிற வரைக்கும் அந்தப் பிறை போகவில்லை. வாங்கியவர் அதைக் காட்டியே விலையைக் குறைத்தார்.

தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்று கேட்கலாம். லேசாக நனைந்தால் சிமெண்ட் மாதிரி இறுகும். முட்டைக்கோஸ் இலை மேல் இறுகினால் இலைக்கு வெளிச்சம் போகாது. தரையில் இறுகினால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடும். கூடவே வரும் கந்தகம் மழையோடு சேர்ந்தால் புளிப்பேறி மிளகாய்ப் பூ கருகும், தகரக் கூரை ஓட்டை விழும். கூரை மேல் ஈரச் சாம்பல் ஒரு சாண் சேர்ந்தால் சட்டமே முறியும். இதை உரம் என்று சொல்ல வேண்டுமானால் பேரன் பேத்தி எடுத்த பிறகு சொல்லலாம்.

6 டிசம்பர் 2023, பகல் 1.30

"அப்படியென்றால் ஏன் திரும்பத் திரும்பப் போகிறார்கள், புத்தி இல்லையா" என்று ஒருவர் கீழே கேட்டிருக்கிறார். அதே கேள்வி எனக்கும் இருந்தது. 2014 ஜனவரி கடைசியில் முப்பதாயிரம் பேர் முகாம்களில் இருந்தார்கள். 31ஆம் தேதி, கொஞ்சம் அடங்கிவிட்டது, திரும்பலாம் என்று அரசு அனுமதித்தது. மறுநாளே, பிப்ரவரி 1, சுகமெரியா ஊரை அவான் பானாஸ் அடித்து குறைந்தது 16 பேர் போய்விட்டார்கள். மலையைப் பார்க்கப் போன பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு.

அவான் பானாஸ் என்றால் சூடான மேகம். லாவா ஆறாக ஓடி வரும், நடந்தே தப்பிக்கலாம் என்று படங்களைப் பார்த்து நினைக்கிறோம். சினாபுங்கில் வரும் லாவா கெட்டி. உச்சியிலேயே குவிந்து குவிந்து முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். ஒருநாள் அந்த முகப்பு இடிந்து விழும்போது பல நூறு டிகிரி சூட்டில் கல்லும் தூளும் வாயுவும் கலந்து, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் சரிவில் இறங்கும். சத்தம் கேட்டு ஓடலாம் என்ற கணக்கு அதனிடம் செல்லாது.

தெரிந்தே உள்ளே போவது முட்டாள்தனம். நான் ஐந்து வருஷத்தில் ஒருநாளும் தடுப்பைத் தாண்டவில்லை.

7 டிசம்பர் 2023, காலை 7.50

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். படித்துப் பார்த்தால் அரசு திரும்பலாம் என்று சொல்லி அவர்களைச் சாவுக்கு அனுப்பிய மாதிரி இருக்கிறது. அது நியாயம் இல்லை. அனுமதி கொடுத்தது 5 கிலோமீட்டருக்கு வெளியே உள்ள ஊர்களுக்கு. சுகமெரியா 3 கிலோமீட்டருக்குள். அங்கே போக யாருக்கும் அனுமதி இல்லை. ஆனால் பக்கத்து ஊர்க்காரன் மூட்டை கட்டி வீட்டுக்குக் கிளம்பும்போது, நீ மட்டும் முகாமில் உட்கார் என்றால் யார் உட்காருவார்கள்? வரைபடத்தில் வட்டம் போட்டால் சுத்தமாக இருக்கிறது. தரையில் பார்த்தால் அந்தக் கோடு ஒருவர் வீட்டுக்கும் அவர் தோட்டத்துக்கும் நடுவே போகிறது.

இன்னொன்று. மராப்பி வேறு, மெராப்பி வேறு. இப்போது வெடித்த மராப்பி மேற்கு சுமத்ரா. மெராப்பி ஜாவாவில் யோக்யகர்த்தா பக்கம். இழையில் பாதிப் பேர் மாற்றி மாற்றி எழுதுகிறீர்கள். நானும் மெடான் போன புதிதில் ஆலை கேண்டீனில் மாற்றிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

9 டிசம்பர் 2023, இரவு 9.30

முகாம் பற்றிக் கேட்டவருக்கு.

சினாபுங்கைச் சுற்றி வாழும் காரோ ஜனங்களின் ஊர்களில் ஜம்பூர் என்று ஒன்று இருக்கும். பெரிய கூரை, பக்கச் சுவர் அதிகம் இல்லாத கூடம். கல்யாணம், சாவு, ஊர்க்கூட்டம் எல்லாம் அங்கேதான். நம் கல்யாண மண்டபத்தையும் ஊர்ச் சாவடியையும் சேர்த்துப் பிசைந்தால் வருகிற மாதிரி. மலை வெடித்ததும் ஜனங்களை அங்கேயும் தேவாலயக் கூடங்களிலும்தான் தங்க வைத்தார்கள். ஒரு கூரையின் கீழ் நூற்றுக்கணக்கில். ஒரு குடும்பத்துக்கு ஒரு பாய் அகலம். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே மூட்டைதான் சுவர்.

2014 பிப்ரவரியில் மெடான் தமிழர் சிலரோடு கபன்ஜஹே முகாம் ஒன்றுக்குப் போனேன். மெடானில் தமிழர் இருப்பது பலருக்குத் தெரியாது. டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் போனவர்களின் வழி. 1884இல் கட்டிய மாரியம்மன் கோயில் கம்போங் மெட்ராஸில் இன்னும் ஜோராக இருக்கிறது. நாங்கள் இருநூறு பொட்டலம் எலுமிச்சை சாதம் கொண்டு போனோம். எல்லாரும் மரியாதையாக வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒரு பாட்டி மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு, சாம்பல் இருக்கா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கேட்டது மிளகாய்ச் சம்பல். சுற்றி மலைச் சாம்பலாகக் கிடக்கிற ஊரில் அந்தச் சொல் என் காதில் அப்படி விழுந்துவிட்டது. சிரிக்கவும் முடியவில்லை.

சோற்றுக்கு அங்கே குறையில்லை. அரிசியும் நூடுல்ஸும் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அடுக்கி வைத்திருந்தார்கள். வந்த பழைய துணி ஒரு மூலையில் மலை மாதிரி கிடந்தது. இல்லாதது என்ன என்று பொறுப்பாளர் அம்மாவிடம் கேட்டேன். உள்ளாடை, பெண்களுக்கான பஞ்சு, சோப்பு, பிள்ளைகளுக்கு மேசை என்றார். மேசை எதற்கு? பரீட்சை வருகிறது, தரையில் குப்புறப் படுத்து எழுதுகிறார்கள் என்றார். இரவெல்லாம் இருமல். ஒரு பிள்ளை ஆரம்பித்தால் கூடம் முழுக்கத் தொற்றிக்கொண்டு ஓடும், தவளை மாதிரி.

ஆண்கள் பேசியது வேறு. மருந்து, உரம், விதை எல்லாம் கடனில் வாங்கியது. மலை வெடித்தாலும் தவணைத் தேதி மாறாது. இன்னொன்றும் அங்கே தெரிந்தது. முகாம் இருந்ததால் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கல்யாணங்களை வேறு ஊர் ஜம்பூருக்கு மாற்ற வேண்டி வந்ததாம். முதல் மாதம் அழுது கட்டிப்பிடித்து இடம் கொடுத்தவர்கள் ஐந்தாவது மாதம் முனகத் தொடங்கினார்கள். அதைச் சொன்னவர் முகாம்காரரே. "அவர்கள் மேல் தப்பில்லை, விருந்தாளி இவ்வளவு நாள் இருக்கக் கூடாது" என்றார். நாங்கள் மேசைக்கு ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லி வந்தோம். செய்து முடிப்பதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது.

10 டிசம்பர் 2023, மாலை 4.00

இழை திசை மாறுகிறது, மாறட்டும். "காரோ மக்களில் சோழர் பாண்டியர் இருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் வந்ததே, உண்மையா?"

பாதி உண்மை. காரோக்களிடம் செம்பிரிங் என்று ஒரு பெருங்குலம். அவர்கள் மொழியில் ம்பிரிங் என்றால் கறுப்பு. அதன் உட்பிரிவுகளின் பெயர்கள் சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி, தெபாரி, பிராமணா. படிக்கும்போதே நமக்குக் காது நிமிரும். முன்காலத்தில் அந்தக் குலத்தார் இறந்தவரை எரித்து, சாம்பலைச் சின்னப் படகில் வைத்து ஆற்றில் கடல் பக்கம் அனுப்புவார்களாம். மேற்குக் கரையில் பாருஸ் பக்கம் லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐநூற்றுவர் வணிகக் குழு வைத்தது. கற்பூரம் வாங்கப் போனவர்கள். ஆகத் தொடர்பு இருந்தது. அதற்காக, சோழர் ஆண்ட பூமி, எல்லாரும் நம்ம ஆள் என்று முழங்குவது வேறு. அவர்கள் காரோக்கள். பேசுவது காரோ மொழி, ஞாயிற்றுக்கிழமை போவது தேவாலயம்.

எங்கள் ஆலை டிரைவர் பாண்டியா பிரிவு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பாங் என்று கூப்பிடுவேன், அண்ணன் மாதிரி. அவர் என்னைப் பாக் என்பார், சார் மாதிரி. மதுரை, பாண்டிய ராஜா எல்லாம் ஒருநாள் காரில் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ உங்கள் ஊரில் எனக்கு எவ்வளவு நிலம் வருகிறது?" என்றார். அதற்கப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது என் நிலம் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். மழை இல்லை, வட்டி கட்டிவிட்டேன் என்று நானும் சொல்லிவைப்பேன்.

12 டிசம்பர் 2023, இரவு 11.40

ஒருவர் கூர்மையாகப் பிடித்துவிட்டார். "6ஆம் தேதி தடுப்பைத் தாண்டியதே இல்லை என்கிறீர்கள். இன்னொரு இழையில் கைவிட்ட தோட்டத்தின் ஆரஞ்சு இலை எப்படி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எது சரி?"

இரண்டாவதுதான் சரி. 6ஆம் தேதி எழுதியது பொய். பத்து வருஷமாக வீட்டில் சொல்லி வந்த பொய், பழக்கத்தில் இங்கேயும் வந்துவிட்டது.

2014 மே. டிரைவர் பாங்கின் ஊர் 5 கிலோமீட்டர் கோட்டுக்குள். அம்மாவும் தங்கை குடும்பமும் முகாமில். இருநூறு ஆரஞ்சு மரம் அவர் பங்கு. ஆரஞ்சு கத்திரிக்காய் மாதிரி இல்லை. நட்டு மூன்று நான்கு வருஷம் சோறு போட்ட பிறகுதான் காய் கொடுக்கும். அவருடையது அப்போதுதான் நன்றாகக் காய்க்கத் தொடங்கிய மரங்கள். ஒரு வெள்ளிக்கிழமை, நாளை காலை லீவு வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன், சொன்னார். நானும் வருகிறேன் என்று ஏன் சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை. மனைவியிடம் ஆலையில் ஸ்டாக் எடுப்பு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

விடியற்காலை தோட்டத்து வழியாக ஒரு மண் பாதை. தடுப்பு என்றால் ஒரு மூங்கில், ஒரு பலகை. ஆள் இல்லை. ஊருக்குள் வீட்டுக் கூரைகள் நடுவில் தொங்கிப்போயிருந்தன. ஒரு திண்ணையில் தையல் மிஷின், ஊசி வரைக்கும் சாம்பல் ஏறியிருந்தது. யாரோ தூக்க முடியாமல் வாசல் வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். நாய்கள் இருந்தன. குரைக்கவில்லை, வண்டிக்குப் பின்னாலேயே வந்தன. பாங் ஒரு பை பழைய சோறு கொண்டுவந்திருந்தார். அது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

பழம் தோல் தடித்து, கரும்புள்ளியோடு இருந்தது. கீழே அழுகிக் கிடந்ததில் ஈ. பராமரிக்காத தோட்டத்தில் பழ ஈ பெருகி, கோட்டுக்கு வெளியே நன்றாக இருக்கிறவன் தோட்டத்தையும் கெடுக்கிறது என்றார். நல்லதாகப் பார்த்துப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தார். நான் உதவுவதாகத்தான் போனேன். ஒரு பழம்கூடப் பறிக்கவில்லை. மலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பக்கத்தில் அது மலை மாதிரி இல்லை, சுவர் மாதிரி இருந்தது. உச்சியில் புகை. அவ்வப்போது கல் உருளும் சத்தம், லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. பாங் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"பார்த்தால் பறிக்க முடியாது, பாக்."

நாற்பது நிமிஷம். மூன்று கூடை. கழுவித் துடைத்து விற்றால் அந்த மாதத் தவணைக்குச் சரியாக வந்தது. பெரஸ்தாகி சந்தையில் புள்ளிப் பழத்துக்குப் பாதி விலைதான்.

2016 மே 21 அன்று கம்பெர் ஊரில் தோட்ட வேலையாக உள்ளே இருந்த ஏழு பேர் இறந்த செய்தி வந்தபோது, ஆலையில் எல்லாரும் "தெரிந்தே போயிருக்கிறார்கள்" என்று பேசிக்கொண்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாங் அன்று லீவு போட்டிருந்தார். போன் எடுக்கவில்லை. மாலையில்தான் கூப்பிட்டார், பல் வலி, ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று. அது வரைக்கும் எனக்கு இருந்த வயிற்றுக் கலக்கத்தை எழுத முடியாது.

6ஆம் தேதி போட்ட "முட்டாள்தனம்" என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உள்ளே போவது சரி என்றும் சொல்ல மாட்டேன்.

13 டிசம்பர் 2023, காலை 8.10

மனைவி இந்த இழையைப் படிக்கிறவர் என்பது இன்று காலை காப்பி வராதபோது தெரிந்தது.

13 டிசம்பர் 2023, மாலை 6.45

சிலர் ஜாவாவின் மெராப்பியை எடுத்துக்காட்டி, அங்கே நன்றாகச் சமாளித்தார்கள் என்கிறார்கள். 2010 அக்டோபர், நவம்பரில் அங்கே முந்நூற்று ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். மலையின் காவலராக யோக்யகர்த்தா சுல்தான் அமர்த்தியிருந்த ம்பா மரிஜான், தன் இடத்தை விட்டுக் கிளம்ப மறுத்து அக்டோபர் 26 அன்று வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார். ஆனால் லட்சக்கணக்கான பேரை நேரத்துக்கு வெளியேற்றினார்கள், அது சாதாரணம் இல்லை.

அங்கேயும் ஜனம் உள்ளே திரும்பியது, மாட்டுக்குப் புல் போட. அரசு யோசித்து, மாடுகளை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று அறிவித்தது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் உருப்படியான யோசனை அதுதான். கோடு போட்டு நில் என்று சொல்வதைவிட, ஏன் தாண்டுகிறான் என்று பார்த்து அதை விலைக்கு வாங்குவது. ஆரஞ்சு மரத்தை அப்படி வாங்க முடியுமா, அடைக்க முடியாத கடனை வாங்க முடியுமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

15 டிசம்பர் 2023, இரவு 9.00

கேள்வி போட்ட தம்பி விடவில்லை. "சரி அண்ணே, நூறு வருஷம் கழித்து மண் வளமாகும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?"

ஒப்புக்கொள்கிறேன். காரோ மேட்டு நிலத்தில் கேரட்டும் முட்டைக்கோஸும் உருளையும் விளைவதற்குக் காரணமே பழைய வெடிப்புகள்தான். அந்த மண்ணைக் கையில் எடுத்தால் கறுப்பாக, பஞ்சு மாதிரி, ஈரம் பிடித்துக்கொண்டு இருக்கும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. இந்த மண் பாஸ்பரஸை இறுகப் பிடித்துக்கொள்ளும், செடிக்கு விடாது. அதனால் அங்கே உரக்கடைக்காரர்கள் பட்டினி கிடப்பதில்லை.

இன்னும் நீண்ட கணக்குப் பார்க்க வேண்டுமானால், சினாபுங்கில் இருந்து நாற்பது கிலோமீட்டரில் டோபா ஏரி இருக்கிறது. ஏரி என்று படகு விடுகிறார்கள், அது சுமார் 74,000 வருஷத்துக்கு முன் வெடித்த எரிமலையின் பள்ளம். அந்தச் சாம்பல் வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்து, ஆந்திராவில் கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் இன்னும் அடுக்காகக் கிடக்கிறது. அதை வெட்டித் தூளாகவும் விற்றிருக்கிறார்கள். தம்பி சொல்கிற நீண்ட கால லாபம் அந்த மாதிரி ஆளுக்குத்தான் போய்ச் சேருகிறது. கூரை விழுந்தவனுக்கு இல்லை.

21 டிசம்பர் 2023, மாலை 5.20

மராப்பியில் இறந்தவர்கள் 24 என்று ஆகிவிட்டது. அந்த வார இறுதியில் எழுபத்தைந்து பேர் மலைமேல் இருந்திருக்கிறார்கள். எரிமலை வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகாதீர்கள் என்ற பரிந்துரை ஏற்கெனவே இருந்தது. மலையேறும் அனுமதியும் கூடவே இருந்தது.

சினாபுங்கில் ஊர் இழந்தவர்களுக்குக் கட்டிய சியோசார் குடியிருப்பு பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், போயிருக்கிறேன். பெகெரா, சிமாசெம், சுகமெரியா ஆகிய மூன்று ஊர்களுக்கு இனித் திரும்ப முடியாது என்று முடிவானதும், காட்டு நிலத்தில் ராணுவத்தை வைத்துப் பாதை வெட்டி 370 வீடு கட்டினார்கள். குடும்பத்துக்கு அரை ஹெக்டேர் விளைநிலம். நல்ல விஷயம், ஊர் ஊராகவே குடி வைத்தார்கள், கலக்கவில்லை. பழைய பெயர்ப் பலகைகளே புது இடத்தில். அண்டை வீடு மாறலாம், அண்டை ஊர் மாறவில்லை.

மற்ற ஊர்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. வருஷக்கணக்கில் வாடகை வீடு. வீடு கட்ட வேறு இடம் பார்த்தால் அங்கே ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு ஒப்புதல் இல்லை. 2016 ஜூலையில் லிங்கா ஊரில் மறுகுடியமர்வு வீடுகளை எதிர்த்து மோதலாகி உயிரே போனது. எரிமலைச் சாவுக் கணக்கில் இதெல்லாம் வராது.

சியோசாரில் இப்போது சுற்றுலா. மேட்டில் நின்று படம் எடுக்க வருகிறார்கள். 2018 பிப்ரவரி 19 அன்று சினாபுங்கில் பதினாறு கிலோமீட்டர் உயரத்துக்குப் புகை எழுந்ததே, அன்றைக்கு நான் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். பாங் ஒரு வீடியோ அனுப்பினார். வானத்தில் பாதியை மூடிக்கொண்டு சாம்பல், முன்னால் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். அன்று யாரும் சாகவில்லை. அதற்குள் எல்லாருக்கும் ஓடிப் பழகிவிட்டது.

14 மே 2024, இரவு 10.30

தூங்கிப்போன இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். 11ஆம் தேதி இரவு மேற்கு சுமத்ராவில் கனமழை. டிசம்பரில் தொடங்கி மராப்பி கொட்டி வைத்த சாம்பலும் பாறையும் ஆறுகளில் இறங்கி அகாம், தானா தாதார் பக்க ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. ஐம்பது பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள், எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கிறது. லெம்பா ஆனாய் நெடுஞ்சாலை துண்டாகிவிட்டது.

செய்திகளில் "குளிர்ந்த லாவா" என்று போடுகிறார்கள். குளிர்ந்த லாவா என்றால் கல். இது லஹார், ஜாவா மொழிச் சொல்லே உலகம் முழுக்க வழங்குகிறது. ஈர சிமெண்ட் கலவை பாறாங்கல்லைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மலைமேல் இறந்தது 24. ஐந்து மாதம் கழித்து, மலையே ஏறாதவர்கள் அதைவிட அதிகம். தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெடிப்பு நின்ற தேதியும் ஊருக்கு முடிந்த தேதியும் ஒன்று இல்லை.

19 மே 2024, காலை 11.15

பாங்கைக் கூப்பிட்டேன். அவர்கள் பக்கம் மழை பரவாயில்லையாம். டிரைவர் வேலையை விட்டுவிட்டார், கபன்ஜஹேக்கு வெளியே குத்தகை நிலத்தில் காப்பி போட்டிருக்கிறார். பழைய தோட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

போன மாதம் போய்ப் பார்த்தாராம். ஆரஞ்சு ஒன்றும் இல்லை, ஆள் உயரப் புல். அங்கே வரப்புக்குக் கல் நடுவதில்லை, சிவப்பு இலைச் செடி ஒன்றை எல்லையில் வைப்பார்கள். பத்திரம் எல்லாம் பெரும்பாலும் அந்தச் செடிதான். எல்லாம் சாம்பலுக்குள் போய்விட்டது என்று நினைத்தால், ஒரே ஒரு செடி முளைத்து இலை விட்டிருக்கிறது. அது தன்னுடைய கிழக்கு எல்லையா, பக்கத்து ஆளின் மேற்கு எல்லையில் இருந்ததா என்று தெரியவில்லை. பக்கத்து ஆள் இப்போது ஊரில் இல்லை. அவருக்குப் போன் போட்டு ஒன்றரை மணி நேரம் சண்டை பிடித்திருக்கிறார்.

"எவ்வளவு நிலம் வித்தியாசம்?" என்றேன்.

"நான்கு அடி. அதை விடுங்கள், மதுரையில் மழை பெய்ததா?"

பெய்தது என்றேன். வட்டியும் கட்டியாகிவிட்டது என்றேன்.